மாமி வீட்டுப் படலையில் கட்டிய தோரணம்

பிள்ளைகளே, தொலைக்காட்சி நாடகத்தில் மாமியின் வீட்டைக் கண்டு சந்தோசப்பட்டீர்கள். ஒரு காட்சி வந்தபோது நான் எழும்பி வெளியே போனேன். ஏன் என்று கேட்டீர்கள். வாயால் சொல்ல வரவில்லை, எழுதுகிறேன்.

அந்த நாடகம் ஒரு பழைய நாவலின் கதை. நான் அதிகம் படிக்காதவன் என்றாலும் பள்ளிக்கூடக் காலத்திலேயே அதை வாசித்திருந்தேன். புருசனை இழந்த ஒருத்திக்கு ஒரு வாத்தியார் இரங்கி உதவுகிறார். அது இரக்கமா அன்பா என்று அவருக்கே பிடிபடவில்லை. அவளுக்கோ இரக்கம் வேண்டாம். அதை நாடகமாக்க வந்தவர்கள் புங்குடுதீவில் ஒரு பழைய கல்வீடு தேடினார்கள். நான் என் தங்கச்சியின் வீட்டை, மாமியின் வீட்டைக் காட்டினேன்.

மாமாவின் கதை உங்களுக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணம் போனவர் திரும்பவில்லை. இருக்கிறார் என்பதற்கும் அடையாளம் இல்லை, இல்லை என்பதற்கும் இல்லை. மாமி இன்றுவரை பொட்டும் தாலியும் கழற்றவில்லை.

மாமி ஒன்றுதான் கேட்டார்.

"அண்ணை, என்னத்தையும் எடுக்கட்டும். செத்தவீட்டுக் காட்சி மட்டும் இஞ்சை எடுக்கக் கூடாது."

இயக்குநர் தம்பி தலையைச் சொறிந்தார். "நாவலிலை அவளின்ரை புருசன் செத்தது ஒரு வரி அண்ணை. அந்த வரியை நாங்கள் கண்ணுக்குக் காட்டவேணுமெல்லே. படலையை மட்டும் ஒருக்கா எடுத்தால் காணும்."

"அவள் விடமாட்டாள் தம்பி."

"பாவம் அக்கா. சரி, விடுவம்."

விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் சோற்றுப் பார்சல் எடுக்க வேலணைக்குப் போனேன். திரும்பும்போது பாலத்தில் காற்று விழுந்து, இரண்டு பக்கக் கடலும் தகரம் விரித்த மாதிரி அசையாமல் கிடந்தது. எதிரே சைக்கிளில் வந்த மடத்துவெளிப் பெடியன் காலை ஊன்றி நின்றான்.

"அண்ணை, எங்கையாம் எடுத்தவை?"

"எதையடா?"

"உங்கடை மச்சானைத்தான். எலும்பெண்டாலும் கிடைச்சுதே, அது காணும்."

அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிளை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது.

வாசல் படலையில் குருத்தோலைத் தோரணம் தொங்கியது. நல்ல காரியத்துக்கு மடிப்புகள் மேலே பார்க்கும், செத்தவீட்டுக்குக் கீழே பார்க்கும். இதில் எல்லாம் கீழேதான் பார்த்தன. நான் இல்லாத நேரம், மாமிக்கும் தெரியாமல் கட்டிப் படம் எடுத்துவிட்டு, அவிழ்க்காமலே பின்வளவுப் பனைகளுக்கு அடியில் போய் இருந்துவிட்டார்கள். றோட்டில் நின்று பார்த்தால் கமராவும் தெரியாது, லொறியும் தெரியாது. தோரணம் மட்டும்தான் தெரியும்.

பஸ்ஸில் வந்த பெண்கள் அதைக் கண்டு இறங்கி, உள்ளே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற மாமியை விறாந்தைக்கு இழுத்து வந்து கட்டிப்பிடித்திருந்தார்கள். ஒருத்தி மாமியின் நெற்றிப் பொட்டை நோக்கிக் கையை நீட்டினார். மாமி அந்த மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடுங்கோ அக்கா. அது நாடகத்துக்குக் கட்டினது."

அழுகை நின்றது. ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை. கடைசியில் அந்த அக்காதான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அப்ப தேத்தண்ணியெண்டாலும் தா பிள்ளை. கத்தித் தொண்டை காய்ஞ்சு போச்சு."

மாமி எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார். அவர்கள் போன பிறகு எனக்கும் தந்தார்.

"அண்ணை, கவனிச்சனீங்களே? ஒருத்தரும் திடுக்கிடேல்லை. எல்லாரும் எப்பவோ ஆயத்தமாய் இருந்திருக்கினம்."

மாமி என் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் நம்பித்தானே ஓடி வந்தனீங்கள்?"

நான் கோப்பையை வைத்துவிட்டுப் போய்க் கத்தியால் தோரணத்தை அறுத்தேன். இயக்குநர் தம்பி மன்னிப்புக் கேட்டார். ஆனால் எடுத்த படம் எடுத்ததுதான். அதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள்.

பொழுதுபட எங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் ரியூசனுக்குப் போயிருந்தீர்கள், அம்மாவும் இல்லை. கால்கள் தாமாகவே கிணற்றடிக்குப் போயின. செத்தவீட்டுக்குப் போய் வந்தால் குளித்துவிட்டுத்தானே உள்ளே போவோம். ஒரு வாளி அள்ளித் தலைக்கு மேலே தூக்கிய பிறகுதான் என்ன செய்கிறேன் என்று விளங்கியது. இறக்கினேன். அந்தத் தண்ணீரை வாழையடியில் ஊற்றிவிட்டு, குளிக்காமல், கால்கூடக் கழுவாமல் வீட்டுக்குள் போனேன்.