கடலில் ஒரு தனிக்காட்டு ராஜா

"மூணு மாசம் மனுஷக் குரலே கேக்காம நடுக்கடல்ல இருப்பேன். ஒரு ஈ காக்கா வேண்டாம் எனக்கு!"

மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்த்துக் கொடுக்கும் ஐம்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவர், தம் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இப்படிப் பிரகடனம் செய்தார். "அந்த ரெண்டாவது மாடியில தனியா கிடக்கறதுக்கு, எங்களோட வந்து இருந்துடேன்டா" என்று அக்கா கேட்டதற்குத்தான் இந்தப் பதில்.

"முதல்ல நீச்சல் கத்துக்கோ, மாப்ள" என்றார் அத்தான். வில்லைக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாளே பாய்மரப் படகுச் சங்க அலுவலகத்தில் போய் நின்றார். மேசைக்குப் பின்னாலிருந்த அம்மாள் பொறுமையாக விளக்கினார். "நீச்சலும் தொடக்கநிலைச் சான்றிதழும் எல்லாருக்கும் பொது சார். அப்புறம் ரெண்டு வழி. குழுச் சான்றிதழ் எடுத்தீங்கன்னா, ஞாயித்துக்கிழமைல யார் படகுலயாவது ஏறிக்கலாம், கலகலப்பா இருக்கும். தனிப்பயணம்னா..."

"தனிப்பயணம்."

"முழுசா கேட்டுட்டு..."

"தனிப்பயணம்மா."

அடுத்த பதினான்கு மாதங்களில் அவர் பெற்ற கல்வி லேசுப்பட்டதல்ல. கட்டில் காலில் முடிச்சுப் போட்டுப் பழகினார். இன்னொரு தட்டு வைக்கும் அவசியம் இல்லாததால், கடல் வரைபடம் சாப்பாட்டு மேசையிலேயே குடியிருந்தது. வீட்டில் யாருக்காவது கட்டுப் போட்டுப் பழகுங்கள் என்றார் முதலுதவி ஆசிரியர். நாற்காலியின் நான்கு கால்களும் சீரிய சிகிச்சை பெற்றன. வானொலித் தேர்விலோ நூற்றுக்கு நூறு. "கேக்குதா? ஓவர்" என்று கண்ணாடி முன் தினமும் இருபது தரம் கூப்பிட்டவர் அவர். பதில் வராததைக் குறையாகவே நினைக்கவில்லை.

கடைசித் தேர்வு: ஆறு மணி நேரம் தனியாகப் போய், சிவப்பு மிதவையைச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். கிளம்பும்போது வானொலியை ஒருமுறை சோதிக்கலாம். அதன்பிறகு ஆபத்துக்கு மட்டும்தான் கூப்பிடலாம். வெட்டிப்பேச்சு பேசினால் தோல்வி.

மிதவையை அழகாகச் சுற்றினார். நான்காவது மணியில் காற்று செத்தது. பாய் துவண்டு தொங்கியது. வீட்டுத் தனிமையில் மேல்வீட்டுக் குழாய்ச் சத்தமும் மாடிப்படியில் யாரோ செருப்பைத் தேய்த்து நடப்பதும் இருந்தன என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. இங்கே அதுவும் இல்லை.

ஒலிவாங்கியை எடுத்தார். "துறைமுகம், ஒலி சோதனை. கேக்குதா? ஓவர்."

"நல்லா கேக்குது. ஓவர்." கட்டைக் குரல் ஒன்று பதில் சொன்னது.

கால்மணி கழித்து மறுபடி கேட்டார்.

"இப்பவும் நல்லாத்தான் கேக்குது. செட்ல ஏதாவது கோளாறா?"

"இல்ல... உறுதிப்படுத்திக்கலாம்னு."

மூன்றாம் முறை அந்தக் குரல் தாழ்ந்தது. "சார், பரீட்சையில இருக்கீங்க. இன்னொரு தடவை காரணமில்லாம கூப்பிட்டா நான் பதிவேட்டுல எழுதியாகணும். எழுதினா சான்றிதழ் போச்சு. என் கையில ஒண்ணுமில்ல. ஓவர்."

ஒலிவாங்கியைக் கொக்கியில் மாட்டினார். சற்று நேரத்தில் காற்று திரும்பி, பாய் புடைத்தது. படகு சொன்னபடி கேட்டது. கரை சாம்பல் கோடாகத் தெரிந்தது. இன்னும் ஒன்றரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவர் சான்றிதழ் பெற்ற தனிக்காட்டு ராஜா.

கை கொக்கிக்குப் போனது.

"துறைமுகம்... காத்து வந்துடுச்சு."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "சந்தோஷம் சார். காரணம் என்னன்னு எழுதட்டும்? ஓவர்."

"ஒண்ணுமில்லன்னே எழுதிக்கோங்க. எழுதிட்டு, கொஞ்ச நேரம் பேசுங்க. ஓவர்."

ஒலிவாங்கியில் அழுத்தியிருந்த விசையை விட்டுவிட்டு, ஒலிபெருக்கியின் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டார்.