ஒரு கதவு போதாது

போன மாதம் மகள் தர்ஷி வீடியோவில் அழைத்தாள். முகம் வாடிக் கிடந்தது. பாம்பு கடித்ததோ? காய்ச்சலோ? வேலை போய்விட்டதோ?

“ஒருத்தரும் போர்வை கழுவ வருகினமில்லை அப்பா.”

அட... இவ்வளவுதானா? இல்லை, விஷயம் பெரிது.

இங்கே சுவிஸின் துன் நகரில் பிறந்த தர்ஷி இப்போது எஞ்சினியர். ஆஸ்திரேலியப் பாலைவனத்தின் நடுவே, பூர்வகுடி மக்களின் சிற்றூர் ஒன்றில் வேலை. அங்கே குழந்தைகளைச் சொறி பாடாய்ப்படுத்துகிறது. போர்வைகளை அடிக்கடி கழுவவேண்டும். ஊர்ப் பெண்கள் கேட்டுத்தான் சூரிய மின்சாரத்தில் ஓடும் பெரிய சலவை மெஷின் வந்தது. குளிர் முடிவதற்குள் யாரும் பாவிக்காவிட்டால் வேறு ஊருக்குத் தூக்கிப் போய்விடுவார்களாம்.

“என்ன பிழை விட்டனீ பிள்ளை?”

“சுத்தி மதில் கட்டி, கதவிலை வாஷ்பிளான் ஒட்டினனான்...”

சுவிஸ் வாசகர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். கட்டடத்துக்கு ஒரு சலவை அறை, வீட்டுக்கு ஒரு நாள், கதவில் ‘வாஷ்பிளான்’ என்ற முறை அட்டவணை — மீறினால் பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பார். இங்கே வளர்ந்த பிள்ளை வேறு எதை ஒட்டும்?

“நாளைக்கு ஆன்ட்டியோடை இருந்து கதைக்கப் போறன்” என்றாள். ஆன்ட்டி — அந்த ஊரே அப்படி அழைக்கும் பெண்மணி. நான் ஒரு மாதம் சரியாக நித்திரை கொள்ளவில்லை.

போன ஞாயிறு மறுபடி வீடியோவில் வந்தாள். ஒரே சிரிப்பு.

“ஆன்ட்டி என்ன கேட்டவ தெரியுமோ? ‘உள்ளுக்கை என்ரை மருமோன் நிண்டா நான் என்னெண்டு போறது?’”

அங்கே மாமியாரும் மருமகனும் எதிரெதிரே நிற்பதில்லை. கோபமில்லை, மரியாதை. மூடிய மதிலுக்குள் யார் நிற்கிறார் என்று வெளியே நிற்பவருக்கு எப்படித் தெரியும்?

பிறகென்ன... ஆன்ட்டியும் பெண்களும் தர்ஷியும் கயிறு கட்டி அளந்து பார்த்தார்களாம். மதில் இடுப்பளவுக்கு இறங்கியது. ஒருவர் வந்தால் மற்றவர் விலகிப் போக, மறுபக்கம் இன்னொரு கதவு வந்தது.

“வாஷ்பிளானைக் கிழிச்சுப் போட்டாவோ?”

“இல்லை அப்பா, அதாலை முகத்திலை மொய்ச்ச இலையானைக் கலைச்சவ!”

பாதியில் பள்ளியை விட்டவன் நான். தொழில்நுட்பம் என்றால் எங்கேயோ பெரிய மூளைகள் செய்து அனுப்புவது என்றே நினைத்திருந்தேன். இவர்களோ கூடியிருந்து, கேலி பண்ணி, ஒருவர் சொன்னதை மற்றவர் திருத்தி, ஒரு கட்டடத்தையே மாற்றிவிட்டார்கள். யாருக்கு யார் மாமியார் என்று தெரியாமல் ஒரு மெஷினைக்கூட ஓட்ட முடியாது போலிருக்கிறது!

மெஷின் இனி அங்கேதான். வேலி முழுக்கப் போர்வைகள். “விடிஞ்சாப் பொழுதுபட்டா ஓடுது அப்பா!” என்றாள்.

சந்தோஷம்தான்... ஆனால் இப்படி ஓய்வில்லாமல் ஓடினால் பெல்ட் அறுந்துவிடாதா?