சுளுக்கு என்று நினைத்த வலி

எங்களுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து என் மனைவியின் வலது காலுக்கு அவனியாபுரத்தில் தனி மவுசு. இரட்டைப் பிள்ளை பெற்றவள் காலால் நீவிவிட்டால் சுளுக்கு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மாடு பிடிக்கப் போய் விழுந்தவன், குடம் தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டவள் என்று யாராவது காலையில் எங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். அவளும் சாமியைக் கும்பிட்டுவிட்டுப் பதமாக நீவிவிடுவாள். "டாக்டரம்மா ரொம்ப பிசியா?" என்று நான் கிண்டல் செய்வேன்.

அந்தக் கிண்டல்காரனுக்கே கழுத்து பிடித்துக்கொண்டது. நான் லாரி மெக்கானிக். வண்டிக்கு அடியில் கிடந்து அண்ணாந்து பார்த்தே வயிற்றைக் கழுவியவன். கழுத்தில் தொடங்கிய வலி தோள்பட்டையில் இறங்கி, கை வரைக்கும் கரண்ட் அடித்த மாதிரி இழுத்தது. சுளுக்குத்தான் என்று நானே முடிவுகட்டி, அவள் காலுக்குக் கழுத்தைக் கொடுத்தேன். நீவிய அன்று தேவலாம் போலிருக்கும். மறுநாள் மறுபடியும் அதே பாடு. இப்படியே மழைக்காலம் போயிற்று. ஒருநாள் பட்டறையில் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி விழுந்தது. விழுந்ததே சத்தம் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்குப் பயந்துபோனேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்தார். "இது சுளுக்கு இல்லைங்க. கழுத்தெலும்புக்கு நடுவுல இருக்குற டிஸ்க் பிதுங்கி, கைக்குப் போற நரம்பை நசுக்குது. அதான் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போச்சு. இம்புட்டு நாள் என்ன செஞ்சீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள். "நான்தான் சார் காலால நீவிவிட்டேன். அதனாலயா இப்படி ஆச்சு?"

"அதனாலதான்னு சொல்ல முடியாதும்மா. அவர் பாக்குற வேலையே இதுக்குப் போதும். ஆனா இனிமே யாரும் கழுத்துல கை காலு வைக்கக் கூடாது."

விரலில் உணர்ச்சி திரும்புமா என்று கேட்டேன். மாத்திரை, கழுத்துப்பட்டை, ஓய்வு. அதற்கும் திரும்பாவிட்டால் ஆபரேஷன் பற்றிப் பேசலாம் என்றார்.

கை போனால் பிழைப்பு போய்விடும் என்ற பயம் எனக்கு. அவளுக்கோ, தன்னால்தான் போயிற்றோ என்ற பயம். ஷேர் ஆட்டோவில் வீடு வந்து சேரும் வரை அவள் தன் வலது காலைச் சேலைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டே வந்தாள். மறுநாள் கணுக்கால் பிசகி வந்த பக்கத்து வீட்டு அக்காவிடம், "எனக்கு அதெல்லாம் தெரியாதுக்கா, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

பட்டை மாட்டிய கழுத்தோடு குனிய முடியாது. கண்ணை எவ்வளவு உருட்டினாலும் மடி தெரியாது. தினமும் காலையில் காப்பி குடித்ததும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொள்வாள். மரத்த விரல்களைக் கிள்ளி, "தெரியுதா மச்சான்?" என்பாள். இல்லை என்று சொன்னதும் அவள் முகம் சுருங்கிப்போகும். அதைத் தினமும் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஒருநாள், இந்நேரம் கிள்ளியிருப்பாள் என்று நினைத்து, "ஆத்தி! இன்னிக்கு ஆள்காட்டி விரல்ல நல்லாத் தெரியுதுடி" என்றேன்.



"நான் இன்னும் கிள்ளவே இல்ல மச்சான்" என்றாள்.