இரண்டாவது மக்கு

1. மழை பிடித்த ஒரு காலையில், கீழ்க்கட்டளையில் அப்பா நடத்தும் அட்டைப்பெட்டிப் பட்டறையில், தொட்டியிலிருந்த பசை ரப்பராகிவிட்டது.
2. அந்தப் பசையில் ஒட்டிய டிவிடி பிளேயர் பெட்டிகள் வாய் பிளந்தன.
3. திரவ போராக்ஸ் அனுப்பியவரிடம் ஃபோனில் சண்டை போட்டேன்.
4. மாவு, காஸ்டிக் சோடா, தண்ணீர், போராக்ஸ் நான்கையும் சோதித்தேன். எதிலும் குறையில்லை.
5. மறுநாள் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அப்பா ஊற்றுவதைப் பார்த்தேன்.

திரவ போராக்ஸைப் பட்டறைக்குக் கொண்டுவந்தது நான்தான். கெமிக்கல் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருப்பானேன் என்று அப்பாவோடு போக ஆரம்பித்திருந்தேன். தூள் போராக்ஸ் மழைக்காலத்தில் கட்டி தட்டும், வெந்நீரில் கரைக்க வேண்டும், கரையாத மணிகள் பசையில் தங்கும். திரவத்தில் அந்தத் தொல்லை கிடையாது. மாவு வெந்து ஆறிய பிறகு, கடைசியாக, தொட்டி சுற்றும்போது ஒரு பிளாஸ்டிக் மக்கு நிறைய மெதுவாக ஊற்றினால் போதும், பசைக்குப் பிடிப்பு வரும். கூடினால் கம்பியாக இழுத்துக்கொண்டு இறுகிவிடும், காகிதத்துக்குள் இறங்காது. அப்பா ஊற்றிப் பார்த்துவிட்டு, "பொண்ணு படிச்சது வீண் போகல" என்று பட்டறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அன்று அப்பா ஒரு மக்கு ஊற்றினார். குறை சொல்ல முடியாத அளவு, குறை சொல்ல முடியாத வேகம். மக்கைக் கழுவிக் கவிழ்த்தார். மோட்டார் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார், மழையை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து மக்கை எடுத்து, கேனைச் சாய்த்தார்.

"அப்பா, போராக்ஸ் ஊத்தியாச்சுப்பா."

"யார் ஊத்தினா?"

அவர் முகத்தில் சந்தேகமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நான்தான்ப்பா."

"சொல்லிட்டு ஊத்தக் கூடாதா? இன்னொரு மக்கு போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று சிரித்தபடி என் தலையில் தட்டினார்.

பட்டறையில் பெட்டிகளுக்குக் கம்பி பின் அடிக்கும் அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் அவர் லீவு. டீ நேரத்தில் என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"அய்யா ஒரு வாட்டி ஊத்தினதும் மக்கை எடுத்து அட்டைக் கட்டுக்குப் பின்னாடி வெச்சிடுவேன் பாப்பா. தேடிகினே இருப்பாரு. அப்பால மறந்துடுவாரு. இன்னிக்கு நீ பக்கத்துலயே நின்னுகினு இருந்தே, எடுக்க முடியல."

எத்தனை நாளாக என்று கேட்டேன். திரவம் வந்ததிலிருந்தே என்றார். ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவரு வாயால உன்னைப் பத்திப் பெருமை பேசிகினு இருக்காரு. நான் இன்னான்னு வந்து சொல்றது?"

பிறகுதான் யோசித்தேன். தூள் போராக்ஸைக் காலையிலேயே எடைபோட்டுப் பொட்டலமாக மடித்து வைப்பது அப்பாவின் வழக்கம். ஒரு தொட்டிக்கு ஒரு பொட்டலம். போட்டதும் காலிக் கவரைத் தொட்டி விளிம்பிலேயே சொருகி வைப்பார். குப்பை சேர்க்கிறார் என்று நான்கூடக் கேலி செய்திருக்கிறேன். போட்டாயிற்று என்பதை அந்தக் கவரைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொண்டிருக்கிறார். எவ்வளவு காலமாக என்று தெரியாது. திரவத்துக்குக் கவர் இல்லை. பசையில் கலந்த பிறகு அதை ஊற்றியதற்கு அடையாளமே இல்லை.

அப்பாவைக் குரோம்பேட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் அப்பாவிடம் என்ன கிழமை என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். வாசலில் காய்கறிக்காரர் விலை சொன்னால் அம்மாவைப் பார்ப்பாரே, அப்படி. அவருக்காக நானே கிழமையைச் சொல்லிவிடாமல் இருக்க நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இப்போது பசையை நான் கலக்குகிறேன். பெட்டிகள் ஒட்டுகின்றன. போராக்ஸ் ஊற்றியதும் அக்கா மக்கை எடுத்து மறைத்துவிடுகிறார். பழக்கம் விடவில்லை, நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பா சேலையூரில் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். இந்த மறதி குறையாது, கூடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் போராக்ஸ் ஊற்றியாச்சா என்று கேட்கிறார். ஊற்றியாச்சு என்கிறேன். சாப்பிட உட்காரும்போது மறுபடி கேட்கிறார். மறுபடி சொல்கிறேன்.