நூல்கடியாருக்கு எலும்பு கொடுக்க வந்த அக்கா

தையல்கடையில் கத்திரி இருந்தது, பிளேடு இருந்தது. ஆனாலும் அவர் நூலைக் கடைவாயில் வைத்துக் கடித்துத்தான் அறுப்பார். தெருவில் அவருக்கு நூல்கடி என்றே பேர். நாற்பது வருஷம் கடித்ததில் இடது பக்கம் மேல்வரிசையில் நாலு பல் போய்விட்டது. கேட்டால் தொழிலைக் குறை சொல்ல மாட்டார், வம்சத்தைச் சொல்வார். பெரியப்பாவுக்கு நாற்பத்தெட்டில் போனது, அத்தைக்கு ஐம்பதில், அத்தையின் மூத்த மகனுக்குக் கல்யாணத்துக்கு முதல் நாளே ஒன்று கையோடு வந்துவிட்டது. அந்தக் குடும்பத்தில் பல் கெட்டியாக இருந்தது ஒரே ஆளுக்கு, அவருடைய அக்காவுக்கு.

அந்த அக்காவோடுதான் ஏழு வருஷமாகப் பேச்சில்லை. தம்பி தையல்காரனாக இருக்கும்போது, தன் மகனின் கல்யாணக் கோட்டை அவள் வேறு கடையில் தைக்கக் கொடுத்தாள். அவ்வளவுதான் விஷயம். கல்யாணத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து அந்தக் கோட்டின் தோளையே பார்த்துவிட்டு, சாப்பிடாமல் எழுந்து வந்தவர்தான். பல் போனது ஒரு பக்கம், அக்கா போனது ஒரு பக்கம். எது அதிகமாக வலிக்கிறது என்று கேட்டால் பல்லைத்தான் காட்டுவார்.

ஸ்க்ரூ வைத்துப் பல் கட்டலாம் என்று மனைவியோடு பல் டாக்டரம்மாவிடம் போனார். அவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "மேல்தாடையில எலும்பு ரொம்ப மெலிஞ்சு போச்சு. முதல்ல எலும்பு வச்சு உயர்த்தணும். அது கெட்டியானாத்தான் ஸ்க்ரூ நிக்கும்" என்றார். யாருடைய எலும்பு என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

கிட்னியைச் சொந்தக்காரர்கள் கொடுப்பதைக் கேள்விப்பட்டிருந்த மனைவி, எலும்பும் அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். வீடு வந்து சேர்வதற்குள் பாதிச் சொந்தத்துக்குப் போன் போய்விட்டது. அவர் தம்பிக்கு அன்று மத்தியானமே முதுகுப் பிடிப்பு வந்தது. மனைவியின் அண்ணன், "என்னோடது மட்டமான எலும்பு மாப்பிள்ளை, உங்களுக்குத் தாங்காது" என்றான். சித்தப்பா மகன் போனையே எடுக்கவில்லை. அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. சேதி தானாகப் போய்ச் சேர்ந்தது.

ஆபரேஷன் அன்று ஊசி போட்டு, நூல்கடியாரின் உதடு மரத்துக்கொண்டிருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு கையில் பையோடு அக்கா வந்தாள்.

"ஒண்ணும் சாப்பிடாம வந்திருக்கேன்" என்றாள், அவரிடம் அல்ல, அவர் மனைவியிடம். "கால்ல எடுத்துக்கச் சொல்லு. கை வேண்டாம், வீட்ல வேலை கிடக்கு."

டாக்டரம்மாவுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. பிறகு ஒரு சின்னக் குப்பியைக் காட்டினார். உள்ளே கல் உப்பு மாதிரி குருணை. "யார்கிட்டயும் எடுக்க வேண்டியதில்லம்மா. மாட்டு எலும்பைப் பதப்படுத்தி இப்படி விக்கிறாங்க."

அக்கா குப்பியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். முகம் சுண்டிப்போனது.

"கோட்டுக்கு நான் வெளிக்கடைக்குப் போனேன்னு ஏழு வருஷம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். இப்ப இவன் எலும்புக்கே வெளிக்கடைக்குப் போறான். நல்லா இருக்கட்டும்."

அவள் திரும்பினாள். போகாதே என்று சொல்ல வாயெடுத்தார், எச்சில்தான் வழிந்தது. எட்டிப் பையின் வாரைப் பிடித்துக்கொண்டார். அக்கா இழுத்தாள், அவர் விடவில்லை. டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

பல்லுக்கு மேலே காற்றுப்பை ஒன்று இருக்கிறதாம். டாக்டரம்மா எலும்பில் சின்னச் சன்னல் வெட்டி, அந்தப் பையின் மெல்லிய தோலைக் கிழியாமல் மேலே தூக்கி, கிடைத்த இடத்தில் குருணையை நிரப்பித் தைத்தார். "கோட்டுத் தோளுக்குப் பஞ்சு வைக்கிற மாதிரிதான். இவனும் உள்துணி கிழியாம வைப்பான்" என்றாள் அக்கா. தொழிலுக்கு அவள் வாயால் கிடைத்த நல்ல வார்த்தை. வாய் நிறைய இரும்பு இருந்ததால் அவரால் அதை ரசிக்கக்கூட முடியவில்லை.

"ரெண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தா அடக்காம வாயைத் திறந்து தும்மணும். இல்லன்னா குருணை இடம் மாறிடும்" என்றார் டாக்டரம்மா. மனைவிக்குப் பகலில் வேலை. "எலும்புதான் வேண்டாம்னுட்டீங்க, காவலாவது இருக்கேன்" என்று அக்கா அவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

முதல் நாள் முழுக்க அவர் வாயில் பஞ்சு. அக்கா எதிரே உட்கார்ந்து ஏழு வருஷத்தையும் ஒரே மூச்சில் பேசினாள். "அப்ப உனக்குக் கண் ஆபரேஷன் ஆகி ரெண்டு வாரம். கொடுத்தா ராப்பகலா உக்காந்து தைப்பே. கண்ணு போயிடுமேன்னுதான் கொடுக்கல. சொன்னா கேக்குற ஆளா நீ?" அவரிடம் பதில் இருந்தது. ஆனால் பஞ்சு இருந்தது. பஞ்சை எடுத்ததும், "சாப்பிட்டியாக்கா?" என்றுதான் கேட்டார்.

நாலாம் நாள் கடை திறந்தார். துணித் தூசியில் அவர் மூக்கு சுருங்கினாலே பின்னறையிலிருந்து, "டேய், வாயைத் திற" என்று குரல் வரும். அளவு கொடுக்க வந்த ஒரு வாத்தியார் பயந்துபோய்த் தன் வாயைத் திறந்தார்.

இரண்டு வாரம் கழித்துத் தையல் பிரித்தார்கள். "எல்லாம் நல்லா இருக்கு. இனி தும்மலுக்குப் பயமில்ல, ஆறு மாசம் கழிச்சு ஸ்க்ரூ போட வாங்க" என்று அனுப்பிவிட்டார் டாக்டரம்மா. வீட்டில் அக்கா பையைக் கட்டி வைத்திருந்தாள்.

"என்னடா சொன்னாங்க?"

"ஆறு மாசம் தும்மலைப் பாத்துக்கணுமாம்க்கா. பக்கத்துல ஆள் இருக்கணுமாம்."

கூடவே போய்வந்த மனைவி சட்டென்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அக்கா அவளைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

"ஆறு மாசம் எல்லாம் இங்க கிடக்க முடியாது" என்றாள். "ஒரு வாரம் நான் வரேன். ஒரு வாரம் நீ அங்க வந்து தும்மு."