தன் கண்டுபிடிப்புக்கு எதிராக ஒரு கையெழுத்து

ஹமீது முதல் தடவை எங்கள் ஆபீசுக்கு வந்தபோது, கேஸ் போடுவதாக மிரட்டியவர்களைவிட அவர்மீதுதான் எனக்குக் கோபம் வந்தது. நோட்டீஸ் வந்து பல வாரம் சும்மா இருந்திருக்கிறார். கேட்டால், "அந்த பேட்டண்ட்ல என் பேர்தான்க்கா இருக்கு. எனக்கே நோட்டீஸ் வருதுன்னா, ஏதோ தப்பா அனுப்பிட்டாங்கன்னு விட்டுட்டேன்" என்றார்.

நான் பேட்டண்ட், அதாவது காப்புரிமை, வழக்குகள் நடத்தும் சின்ன சட்ட நிறுவனத்தில் வக்கீல்களுக்கு ஆவணங்கள் தயாரித்துக் கொடுக்கும் சீனியர் பாராலீகல். பேட்டண்டில் பெயர் இருப்பது வேறு, பேட்டண்ட் நமக்குச் சொந்தமாக இருப்பது வேறு. படித்தவர்களுக்கே இது புரிவதில்லை. ஹமீது வேலை பார்த்த இணையத் தேடல் கம்பெனியை மூடியபோது, அவர் கண்டுபிடித்ததையும் சேர்த்து விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் எதையும் உருவாக்குவதில்லை. தேடல் பேட்டண்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு, லைசென்ஸ் எடு, இல்லையென்றால் கோர்ட்டுக்கு வா என்பதுதான் அவர்கள் தொழில்.

வேலை போனபின் ஹமீது ஒரு ஆப் நடத்தினார். இங்கே சிங்கப்பூரில், தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவில் எந்தச் சாமான் எந்தக் கடையில் கிடைக்கும் என்று காட்டும். முன்பு தேடியவர்கள் கடைசியில் எங்கே வாங்கினார்கள் என்பதைப் பார்த்து அது தானாகவே கற்றுக்கொள்ளும். அந்த யோசனைதான் கம்பெனியோடு விற்கப்பட்ட பேட்டண்ட். செங்காங் வட்டாரத்தில் அவர் குடும்பம் ஓடியது அந்த ஆப்பில்தான்.

லைசென்ஸ் அவருக்குக் கட்டுப்படியாகாது. பேட்டண்டே செல்லாது என்று காட்டுவதுதான் ஒரே வழி என்றார் எங்கள் பாஸ். ஏற்கெனவே வெளிவந்த யோசனைக்குப் பேட்டண்ட் நிற்காது. பழைய ஆய்வுக் கட்டுரைகளைத் தோண்டியதில், கிட்டத்தட்ட அதே யோசனையை முன்பே யாரோ எழுதியிருந்தது என் கையில் சிக்கியது. உற்சாகமாக அஃபிடவிட், அதாவது கோர்ட்டுக்கான சத்திய வாக்குமூலம், தயாரித்தேன். 'இதில் புதிதாக எதுவும் இல்லை. இத்துறையில் சாதாரணத் திறமை உள்ள எவருக்கும் இது எளிதில் தோன்றியிருக்கும்' என்று ஹமீதே சொல்ல வேண்டும்.

அவர் அதை இரண்டு முறை படித்தார்.

"அந்தக் கட்டுரையை நான் பார்த்ததே இல்லக்கா. சத்தியமா நானா யோசிச்சது."

"தெரியும் தம்பி. ஆனா சட்டம் அதைக் கேட்கலையே."

'எவருக்கும்' என்ற சொல்லை மட்டும் எடுக்க முடியுமா என்றார். "அதை எடுத்தா கேஸே இல்ல லா" என்றார் பாஸ். ஹமீது கையெழுத்துப் போட்டார்.

எதிர்த்தரப்பு பின்வாங்கியது. ஆப் பிழைத்தது. எங்கள் எல்லோருக்கும் பிரியாணி அனுப்பினார்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் ஹமீதிடமிருந்து போன் வந்தது. அன்று மகள் பள்ளியில் பெற்றோர் தங்கள் வேலையைப் பற்றிப் பேச வேண்டுமாம். "எப்பவும் நான் இன்வென்டர்னு சொல்லிக்குவேன்க்கா. இனிமே சொல்லலாமா?"

பாஸிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று மழுப்பினேன். நாள் முழுக்க மனசு ஆறவில்லை. சாயங்காலம் நானே கூப்பிட்டு, தாராளமாகச் சொல்லுங்கள் என்றேன்.

"பேசி முடிச்சிட்டேன்க்கா. ஆப் வெச்சிருக்கேன்னு மட்டும் சொன்னேன்" என்றார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கேஸில் ஜெயிக்க உங்கள் கட்சிக்காரர் எதை விட்டுக்கொடுக்கிறார் என்பதை, பேனாவைக் கையில் கொடுக்கும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.