பைஸ்டாண்டர் இல்லாத கட்டில்

இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு அவள் என் வார்டுக்கே வந்து சேர்ந்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது என்று எழுதினால் அது பொய். சந்தோஷமாக இருந்தது.

கஞ்சிக்கோட்டுப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் முதன்முதலில் நர்ஸாகச் சேர்ந்தபோது அவள்தான் அங்கே நர்சிங் சூப்பரண்டு. சேரும்போதே எங்கள் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கித் தன் பீரோவில் பூட்டிவிடுவாள். இரண்டு வருஷம் வேலையை விடமாட்டோம் என்று பாண்டும் எழுதி வாங்குவாள். அது முடிந்த பிறகுதான் அயர்லாந்து வேலைக்கு வீடியோவில் இன்டர்வியூ கொடுத்தேன்.

எழுந்திருக்க முடியாத நோயாளிக்கு உங்கள் ஊரில் யார் சாப்பாடு ஊட்டுவார்கள் என்று ஒரு வெள்ளைக்காரம்மா கேட்டார். 'பைஸ்டாண்டர்' என்றேன். நோயாளியோடு துணைக்கு இருக்கும் சொந்தக்காரருக்கு எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் அதுதான் பெயர். அந்த அம்மா ஊரிலோ, சும்மா நின்று வேடிக்கை பார்ப்பவருக்குத்தான் அந்தப் பெயராம். ரோட்டில் நிற்பவன் ஏன் ஊட்டுகிறான் என்று குழம்பிப்போனார். விளக்கிச் சொன்னதும் சிரித்துவிட்டு வேலையும் கொடுத்தார்.

சின்னக்கானலில் அம்மா எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெறும் வருஷம் அது. ஓய்வு பெற்றால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும். நான் வெளிநாடு போனால்தான் அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு கூரை. இதையெல்லாம் சொல்லித்தான் சூப்பரண்டிடம் சான்றிதழைக் கேட்டேன்.

"நீங்கல்லாம் போயிட்டா நம்ம சனத்த ஆரு பாக்கறது அம்மிணி? நாளைக்கு வா" என்றாள்.

நாளைக்குப் போனால் மீட்டிங். மறுநாள் போனால் சாவி இல்லை. அயர்லாந்துக்காரர்கள் ஒரிஜினலைக் கேட்டு வைத்த கெடு தாண்டி, வேலை வேறு யாருக்கோ போனது. அடுத்த வருஷமே தன் இரண்டு மகள்களையும் அதே அயர்லாந்துக்கு நர்ஸாக அனுப்பிவைத்தாள். நம்ம சனம் அப்போது எங்கே போச்சோ! என் அம்மா கடைசிவரை அக்கா வீட்டில் ஒண்டிக்கிடந்தே போய்ச் சேர்ந்தாள்.

இப்போது நான் பாலக்காட்டில் வேறொரு ஆஸ்பத்திரியில் வார்டு இன்சார்ஜ். அவளைச் சேர்க்கும் படிவத்தோடு கட்டிலருகே போனேன். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"பைஸ்டாண்டர் யாரு மேடம்?" வார்டு முழுக்கக் கேட்கும்படி கேட்டேன்.

"பக்கத்தூட்டுக்காரங்க கொண்டாந்து உட்டுட்டுப் போனாங்க."

"பிள்ளைக வரலையா?"

"லீவு கெடைக்கலியாமா."

இல்லை என்று தெரிந்துகொண்டே ஒவ்வொரு நாளும் டியூட்டிக்கு வந்ததும் கேட்டேன். ஒவ்வொரு முறையும் அவளே தன் வாயால் "ஆரும் இல்ல" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்பதில் எனக்கு ருசி கண்டுவிட்டது. மருந்து, ஊசி, திருப்பிப் படுக்கவைப்பது எதிலும் ஒரு நிமிஷம் பிந்தவில்லை. வேலையில் குறை வைத்து அவளிடம் பேச்சு வாங்க நான் தயாரில்லை.

மூன்றாம் நாள் காலை சீப்பை நீட்டினாள். "தல சிக்குப் புடிச்சுப் போச்சு அம்மிணி. செத்த வாரி உடு."

"அது பைஸ்டாண்டர் வேலைல்லா மேடம்."

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒரு மன்னிப்பாவது கேட்பாள் என்று பதினைந்து வருஷமாகக் காத்திருந்தவள் நான். அவள் நிதானமாக என் முகத்தைப் பார்த்தாள்.

"அன்னிக்கு உன்னைய உட்டிருந்தா இன்னிக்கு எனக்கு ஊசி போட ஆரு இருப்பா? நான் செஞ்சது செரிதான்."

சீப்பை வாங்கிக்கொண்டேன். வாரிவிடப் போகிறேன் என்று நினைத்துத் தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். சீப்பை அவள் கைக்கு எட்டாமல் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, அடுத்த கட்டிலுக்கு ஊசி போடப் போனேன்.